பட்டையில் யார் கத்தி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் சட்டம் முடித்துவிட்டு பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் வீட்டுப் பத்திரங்கள் பார்க்கிறாள். நல்ல வேலை. அதை விட்டுவிட்டு அனைத்துலகப் பாதுகாப்புச் சட்டம், மோதல் தீர்வு என்று முனைவர் பட்டம் படித்து விரிவுரையாளர் ஆகப் போகிறாளாம். இதில் சோறு கிடைக்குமா ஐயா? – ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: சோறு கிடைக்கும் அம்மா. குழம்புதான் கொஞ்சம் தாமதமாக வரும்.

29 வருடம் சட்டம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்தத் துறைக்குப் போகிறேன் என்றபோது, கூலிம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த அப்பா, "நாட்டுக்கு நாடு சண்டை போட்டா நீ போயி என்னப்பா பண்ணுவே?" என்றார். அவருக்குப் புரிகிற மாதிரி பதில் சொல்ல எனக்கு 2002 டிசம்பர் வரை ஆனது.

சிப்பாடான், லிகித்தான் தீவுகள் மலேசியாவுக்கே என்று ஹேக் நகர அனைத்துலக நீதிமன்றம் 16-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்த மாதம் அது. இந்தோனேசியா நம்பியிருந்த, பிரிட்டனும் ஹாலந்தும் 1891-இல் போட்ட எல்லை ஒப்பந்தம் எடுபடவில்லை. எடுபட்டது ஆமை முட்டை! அங்கே யார் முட்டை எடுக்கலாம் என்று வட போர்னியோவின் (இன்றைய சபா) பிரிட்டிஷ் நிர்வாகம் விதி போட்டிருந்தது. பிறகு கலங்கரை விளக்கமும் கட்டியது. எதிர்த்தரப்பு அப்போதெல்லாம் வாயே திறக்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். "நெரைச் சண்டைன்னா தண்டல் பட்டையத்தானடா பாப்பாரு, யாரு கத்தி பட்டிருக்குன்னு." நெரை என்றால் ஒருவர் பால் வெட்டும் மரவரிசை, தண்டல் என்றால் தோட்ட மேற்பார்வையாளர். இடத்தை உண்மையில் யார் ஆண்டார் என்பதே சான்று என்று ஒரு பருவம் முழுக்க நான் நடத்திவந்த பாடத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

மலேசியாவும் சிங்கப்பூரும் உரிமை கோரிய பத்து பூத்தே என்ற பாறைத் தீவின் கதை நேர்மாறு. ஆதியில் அது மலேசியாவின் ஜொகூருடையது என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனால் 1953-இல் சிங்கப்பூர் கேட்டதற்கு, ஜொகூரின் பொறுப்புச் செயலாளர் 'உரிமை கோரவில்லை' என்று பதில் எழுதியிருந்தார். அந்தச் சின்னக் கடிதத்துக்குப் பெரிய எடை கிடைத்தது. 2008 மே 23-இல் தீவு நம் கையைவிட்டு சிங்கப்பூருக்குப் போனது.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் மகளிடம் படிக்கக் கொடுங்கள். இரவு பதினொரு மணிக்கு உங்களை எழுப்பி, "அம்மா, அந்தக் கடிதம் எழுத அவருக்கு அதிகாரம் இருந்துச்சா?" என்று கேட்டாளென்றால் தடுக்காதீர்கள். போர், ராணுவம், ஐ.நா. மேடை என்ற படம் மட்டும் மனதில் இருந்தால் பத்திர வேலையே மேல்.

மோதல் தீர்வும் காகித வேலைதான். தென் பிலிப்பீன்ஸின் மிண்டனாவில் அரசுக்கும் கிளர்ச்சியாளர்களுக்கும் இடையிலான சமாதானத்துக்கு மலேசியா நடுவில் நின்றது. பேச்சு பல ஆண்டுகள் கோலாலம்பூரில் நடந்தது. 2014-இல் கையெழுத்தான உடன்படிக்கையின் இணைப்புகளைப் பாருங்கள்: வரியில் யாருக்கு எவ்வளவு, ஆயுதத்தை எப்படி ஒதுக்கிவைப்பது. கைகுலுக்கும் படம் கடைசி நாளில் எடுத்தது.

இனி பிழைப்பு. பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடுவதற்கு முன் நல்ல மேற்பார்வையாளரைத் தேடச் சொல்லுங்கள். மூன்று நான்கு வருடம் போகும். பிறகும் முதலில் ஒப்பந்த வேலைதான் கிடைக்கலாம். அதிலும் நிலச் சட்டம் நடத்தச் சொல்வார்கள், அவளுடைய பத்திர அனுபவம் அங்கே கைகொடுக்கும். தலைப்பு குறுகலாக இருக்கட்டும். 'உலகப் பாதுகாப்பு' என்று எழுதிப் போனால் யாரும் சீண்டமாட்டார்கள். உங்கள் ஊர் பெர்ரியில் நின்று பார்க்கிற தண்ணீர் மலாக்கா நீரிணையில்தானே போய்ச் சேருகிறது? அங்கே 2004 முதல் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் ஒருங்கிணைந்து ரோந்து போகின்றன. ஒரு நாட்டுக் கப்பல் கொள்ளையனைத் துரத்திக்கொண்டு அடுத்த நாட்டு எல்லைக்குள் நுழையலாமா? இந்த ஒரு கேள்வியே ஓர் ஆய்வேட்டுக்குத் தாங்கும்.

கேள்வி: இந்தத் துறையில் நம்மவர்கள் யாராவது உண்டா? – மாணவன், கிள்ளான்

பதில்: கோலாலம்பூர் வழக்கறிஞர் பரம் குமாரசாமி 1994-இல் நீதித்துறைச் சுதந்திரத்துக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஆனார். ஒரு பேட்டிக்காக இங்கே அவர்மேல் அவதூறு வழக்குகள் பாய்ந்தன. விஷயம் ஹேக் வரை போய், அவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 1999-இல் அந்த நீதிமன்றம் கருத்துரைத்தது. அதைப் படி, தம்பி.

பேராசிரியர் வேண்டுமென்றால் எஸ். ஜெயக்குமார். சிங்கப்பூரில் சட்டப் புலத் தலைவராக இருந்து அமைச்சரானவர். பத்து பூத்தே வழக்கில் அவரும் ஹேக்கில் வாதாடினார். என்ன செய்வது, எதிர் மேசையில்!