பில்லில் ‘ஜே 06.9’ என்று இருக்கிறதே, அது என்ன?

மருத்துவமனையில் நோய்க் குறியீடு போடுவது என் வேலை. டாக்டர் எழுதும் நோயை, உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 என்ற நோய்ப் பட்டியலில் உள்ள எண்ணாக மாற்றுவேன். இருமல், சளி பற்றி சிங்கப்பூரின் பல வட்டாரங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இன்று பதில்.

யீஷூன்: நாலு நாள் காய்ச்சலில் படுத்துக் கிடந்தேன். பில்லில் ஜே 06.9. சாதாரணச் சளி என்று முடித்துவிட்டார்களா அக்கா?

இல்லை, சாதாரணச் சளி ஜே 00. உங்களுடையது மேல் சுவாசப்பாதைத் தொற்று, ஆங்கிலச் சுருக்கம் ‘யூஆர்டிஐ’. புள்ளிக்குப் பின்னால் வரும் 9, பெரும்பாலும் ‘கூடுதல் விவரம் இல்லை’ என்பதற்கு அடையாளம். டாக்டர் ‘யூஆர்டிஐ’ என்று மட்டும் எழுதினால் இந்த எண்தான் வரும். நீங்கள் பட்ட பாட்டை அது அளக்காது.

செங்காங்: என் மகளுக்கு 6 வயது, அம்மாவுக்கு 70. ஒரே நாள், ஒரே மருந்தகம், இருவருக்கும் ‘பிராங்கைடிஸ்’ (மூச்சுக்குழாய் அழற்சி). மகளுக்கு ஜே 20, அம்மாவுக்கு ஜே 40. எது தப்பு?

இரண்டும் சரி! எனக்குப் பிடித்த விதி இது. திடீரென வந்ததா, நாள்பட்டதா என்று டாக்டர் எழுதாவிட்டால் ஜே 40. ஆனால் 15 வயதுக்குக் கீழே என்றால் திடீரென வந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று பட்டியலே சொல்கிறது. அதனால் குழந்தைக்கு ஜே 20. அம்மாவின் சீட்டில் ‘அக்யூட்’ (திடீரென வந்தது) என்று ஒரு சொல் இருந்திருந்தால் அவருக்கும் அதேதான்.

உட்லண்ட்ஸ்: ஃபுளூவுக்கு ஜே 10, ஜே 11 இரண்டும் ஏன்?

பரிசோதனையில் கிருமி தெரிந்தால் 10, தெரியாவிட்டால் 11.

தேக்கா: பையனுக்கு வீசிங், மூச்சு விடும்போது விசில் சத்தம். ஆஸ்துமா என்று போடச் சொன்னால் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பிலிருந்து பணம் எடுக்கலாமாமே?

மெடிசேவ் எடுக்க விடும் நாள்பட்ட நோய்த் திட்டத்தில் ஆஸ்துமா உண்டு, உண்மைதான். அதற்காக இப்படிக் கேட்காதீர்கள். வீசிங் ஓர் அறிகுறி, அதற்கு ஆர் 06.2. ஆஸ்துமா ஒரு நோய், ஜே 45. அது ஆஸ்துமாவா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். இல்லாத நோயை எழுதி வாங்கினால், நாளைக்குப் பையனுக்குக் காப்புறுதி எடுக்கும்போது அதுவும் கூடவே வந்து நிற்கும்.

பிடோக்: ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களே எண் போட்டால் என்ன?

ஆசைதான்! போன வாரம் ஒரு கோப்பில் ‘நிமோனியா’ என்று எழுதி, முன்னால் ஒரு கேள்விக்குறி. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் வெள்ளைத் திட்டு. எனக்கே புரிகிறது. இருந்தாலும் ஜே 18.9 போடாமல், “உறுதியா டாக்டர்?” என்று எழுதி அனுப்பினேன். பதில் வரும்வரை கோப்பு என் மேசையில்தான்.