“அம்மா அழும்க்கா”

அன்புள்ள அக்கா,

என் அக்கா மகளுக்கு ஒன்பது வயது. உறவுக்காரன் ஒருவனால் பாதிக்கப்பட்டாள். கேஸ் நடக்கிறது, கவுன்சலிங்கும் போகிறாள். ஆனால் அக்கா தூங்குவதில்லை, எதற்கெடுத்தாலும் அழுகிறாள். குழந்தை முன்னால் அழாதே, திடமாக இரு என்று எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டோம். குழந்தையைக் கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் ஒரு குட்டு. ஊர், பள்ளிக்கூடம், அக்கா பெயர் எல்லாம் எழுதியிருந்தீர்கள், எடுத்துவிட்டேன். குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23வது பிரிவு. ஆத்திரத்தில் வேறெங்கும் எழுதிவைக்காதீர்கள்.

எல்லோரும் சொல்லிப் பார்த்தீர்களாம். சொன்னவர்களில் எத்தனை பேர் அந்த வீட்டில் ஒரு வேளை உலை வைத்தீர்கள்?

எனக்கு இருபது வயதிருக்கும்போது, போக்சோவெல்லாம் வருவதற்கு ரொம்ப முன்னால், எங்கள் லைன் வீட்டில் எதிர் வாசல் குழந்தைக்கு இப்படி நேர்ந்தது. விடியற்காலையில் குழாயடிக்குப் போனால், அந்தக் குழந்தை ராத்திரி ஈரமாக்கின போர்வையை அலசிக்கொண்டிருப்பாள். எட்டு வயது. பிழிய வலு இல்லாமல் ஒரு முனையைக் குழாயில் சுற்றி மறு முனையை முறுக்குவாள். அம்மாகிட்ட சொல்லலையாடி என்றால், “அம்மா அழும்க்கா” என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

அம்மாவிடம் வந்தவர்கள் எல்லாம் கேட்டது ஒன்றே, “நீ எங்கடி போயிருந்தே?” கம்பெனிக்கு ஷிஃப்ட் போயிருந்தாள், வேறெங்கே போவாள்? நானும் கேட்டவள்தான். இட்லிக் கடை பாட்டி ஒருத்திதான் கேட்கவில்லை. மத்தியானம் வந்து, “நீ போய்ப் படு, நான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். குழந்தை உள்ளே எட்டி எட்டிப் பார்க்கும். அம்மா தூங்கிவிட்டாள் என்று நிச்சயமான பிறகுதான் சொட்டாங்கல்லைக் கையில் எடுக்கும்.

படித்தவர்கள் இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் எஸ்தர் டெப்ளிங்கர் குழு பாதிக்கப்பட்ட 100 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 1996இல் வந்தது. அம்மாக்களையும் சிகிச்சையில் சேர்த்தபோது பிள்ளைகளின் மனச்சோர்வும் முரட்டுத்தனமும் குறைந்தன. ஆனால் நடந்ததன் பயம் விலக குழந்தைக்கே நேரடியாகச் சிகிச்சை வேண்டியிருந்தது, அதனால் கவுன்சலிங்கை நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளும் யோசனையை விடுங்கள். தப்பு செய்தது தான்தான், அதனால்தான் அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளும்.

கேஸ் முடிகிறவரை குழந்தைக்குத் துணையாக இருக்க ஒரு ஆளைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம். அம்மாவுக்கு யாரை நியமிப்பார்கள்? தம்பி என்று ஒருத்தர் இருக்கிறீர்களே! அக்காவுக்கும் தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லி கவுன்சலரிடம் கேளுங்கள். அப்புறம் சனிக்கிழமை கிளம்பிப் போங்கள். சமைக்கத் தெரியாது என்று பதில் எழுதாதீர்கள், சோறு வடித்து ஒரு ரசம் வைத்தால் போதும். அக்காவைப் படுக்கச் சொல்லிவிட்டு குழந்தையோடு வாசலில் உட்காருங்கள். அழுகையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.