முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது?

கோடை மழை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை ஒருவர் சிவகங்கை மாவட்டம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானிலிருந்து பதில் சொல்கிறார்.

டீச்சர், போன மே மாதம் எங்கள் ஊரில் ஒரு மணி நேரம்தான் இடி மழை. எண்பது வருஷத்து வீட்டில் முதல்முறையாக முற்றம் நிரம்பி, அதைச் சுற்றியுள்ள வளவுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. பக்கத்தில் கோட்டையூரில் தூறல்கூட இல்லையாம். மழை கூடிவிட்டதா, வீட்டில் கோளாறா?
(வாசகி, பள்ளத்தூர்)

இரண்டும் உண்டு அம்மா. முதலில் வீட்டைச் சொல்கிறேன், அதுதான் நம் கையில் இருக்கிறது.

நம் வீடுகளில் நான்கு பக்கத்து ஓடும் முற்றத்தைப் பார்த்துத்தான் சரிகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் தண்ணீர். முற்றத்தைப் பார்த்துச் சரியும் கூரை 200 சதுர மீட்டர் என்று வையுங்கள். ஐந்து சென்டிமீட்டர் மழைக்கு 10,000 லிட்டர் முற்றத்தில் இறங்கும். அவ்வளவும் ஒரு சாண் அகலத் துவாரம் வழியாகத் தரைக்கடியில் ஓடி, தெருவுக்குப் போய், அங்கிருந்து ஊருணிக்குச் சேர வேண்டும். கட்டினவர்கள் கணக்குப் பார்த்துத்தான் கட்டினார்கள். எங்கள் அப்பத்தா காலத்தில் முதல் மழையைக் கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழைக்கு, இரண்டு பக்கத்து ஓடு சேரும் மூலையில் தண்ணீர் கொட்டும் கூடல்வாய் ஒவ்வொன்றுக்கும் கீழே கிடாரத்தை, அதுதான் பெரிய அண்டாவை, வைத்துவிடுவார்கள். மிச்சம் போகிற வழி திறந்தே இருக்கும்.

எங்கள் வீட்டிலும் உங்களுக்கு நேர்ந்ததுதான் நேர்ந்தது. என் சிறு வயதில் தெருவிலிருந்து திண்ணைக்கு ஐந்து படி. இப்போது மூன்றுதான் தெரிகிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பத் தார் போட்டதில் மற்ற இரண்டும் புதைந்துவிட்டன. கொத்தனாரை வைத்து அளந்து பார்த்தால், முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் வாய் தெருவை விட ஒரு சாண் கீழே கிடக்கிறது. தெருத் தண்ணீர்தான் வீட்டுக்குள் வந்திருக்கிறது. கால்வாயைத் தோண்டினபோது வேப்ப வேர் ஒன்று தலைமுடிபோலப் பின்னிக்கொண்டு, அதற்குள் பால் கவர்களும் ஒரு கொட்டாங்குச்சியும் சிக்கி இருந்தன. அந்த வேரை இழுத்து வெளியே போட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை வருஷம் பார்க்காமல் இருந்திருக்கிறோம்!

நீங்கள் சித்திரை பிறப்பதற்குள் இரண்டு குடம் தண்ணீரை முற்றத்தில் ஊற்றி, அது எங்கே வெளியேறுகிறது என்று தெருவில் நின்று பாருங்கள். வரவில்லை என்றால் தோண்டத்தான் வேண்டும். அப்புறம், ஊருணிக்குப் போகிற வரத்துக்கால் முழுதையும் ஒருமுறை நடந்து பாருங்கள். யாராவது மண் போட்டு மேவியிருந்தால் தெருக்காரர்கள் எல்லாருமாகச் சேர்ந்து மனு கொடுங்கள். அடுத்த தடவை சுரண்டிவிட்டுத் தார் போடச் சொல்லியும் அதிலேயே எழுதுங்கள்.

இனி மழை. காலை முழுதும் செம்மண் காய்ந்து சூடான காற்று மேலே ஏறுகிறது. மத்தியானத்துக்கு மேல் தொண்டிப் பக்கமிருந்து ஈரமான கடல்காற்று உள்ளே வருகிறது. மேற்கேயிருந்து வரும் வெப்பக்காற்றை அது முட்டும் இடத்தில் மேகம் பத்துக் கிலோமீட்டருக்கும் மேலே எழும்பிவிடும். அந்த மேகம் சில கிலோமீட்டர் அகலம்தான். அதனால்தான் பள்ளத்தூரில் கொட்டும், கோட்டையூரில் காயும். இது எக்காலத்திலும் உள்ளது. மாறியது வேறு. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது சுமக்கக்கூடிய ஈரமும் சுமார் 7 சதவீதம் கூடும். நாள் முழுக்கப் பரவிப் பெய்ய வேண்டியது ஒரு மணி நேரத்தில் கொட்டுவது இதனால்தான் கூடுகிறது. அந்தப் பழைய துவாரம் அடைபடாமல் இருந்தாலே திணறும். அடைத்தும் விட்டால் தண்ணீர் எங்கே போகும்?

குரங்குத் தொல்லை தாங்கவில்லை. முற்றத்தின் மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டுவிடலாமா?
(வாசகர், கண்டனூர்)

வேண்டாம். கம்பி வலை போடுங்கள். ஷீட் போட்டால் வீட்டுச் சூடு மேலே போக வழியில்லை. மழைத் தண்ணீரும் அதுவரை போகாத பக்கம் போய்ச் சுவரை நனைக்கும்.

ஆடு மேய்க்கப் போகிறவன் நான். இடி இடித்தால் பனை மரத்தடியில்தான் ஒதுங்குவோம். முற்றத்தில் இரும்பைப் போட்டால் இடி விழாது என்று வீட்டில் சொல்கிறார்கள். சரியா?
(வாசகர், தேவகோட்டை அருகே)

தம்பி, பனையடி மட்டும் வேண்டாம். வெட்டவெளியில் எது உயரமோ அதைத்தான் மின்னல் முதலில் தேடும். புளிய மரமும் அப்படித்தான். இரும்பு போடுவது நம்பிக்கை, காப்பாற்றாது. மின்னலைப் பார்த்ததும் நொடிக்கு ஒன்றாக எண்ணுங்கள். மூன்று எண்ணுக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. முப்பதுக்குள் இடி கேட்டால் ஆட்டை விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். ஆட்டை விட மனசு வராது, எனக்குத் தெரியும். ஆனாலும் போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். கண்மாய்க்குள் இறங்கி நிற்காதீர்கள், கம்பி வேலியைத் தொடாதீர்கள். எங்கும் ஒதுங்க முடியாவிட்டால், இரண்டு காலையும் சேர்த்துக் குந்தி உட்காருங்கள், படுக்காதீர்கள். போனில் ‘தாமினி’ என்ற செயலியைப் போட்டுக்கொண்டால் பக்கத்தில் மின்னல் விழுவதைச் சொல்லும். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது அது.

மஞ்சள் எச்சரிக்கை என்றார்கள், சொட்டுகூட விழவில்லை. நம்ம மாவட்டம் வறட்சி மாவட்டம்தானே, வெள்ளத்துக்கு ஏன் பயப்பட வேண்டும்?
(வாசகர், புதுவயல்)

எச்சரிக்கை மாவட்டம் முழுவதற்கும் வருவது. இடி மழையோ நாலு ஊருக்குத்தான் விழும். கோடையில் மூன்று மணி நேர முன்னறிவிப்பைப் பாருங்கள், அதுதான் உதவும்.

வறட்சி மாவட்டம் என்ற தைரியம் மட்டும் வேண்டாம் ஐயா. 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே ‘அதி கனமழை’. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2024 நவம்பர் 20-ல் ராமேஸ்வரத்தில் 40-ஐத் தாண்டியது. இரண்டும் மழை குறைவான ஊர்கள் என்று பேர் வாங்கியவை. நம் கண்மாய்கள், ஒன்று நிரம்பி வழியும் மறுகால் தண்ணீர் அடுத்ததற்குப் பாயும்படி வெட்டப்பட்டவை. நடுவில் ஒரு கலுங்கு, அதாவது மிச்சத் தண்ணீர் வழிகிற வாய், அடைபட்டாலும் கரை உடையும், கீழே உள்ள ஊர்தான் தாங்க வேண்டும்.

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் மழையை அளக்க ஆசைப்படுகிறார்கள். கருவி வாங்கப் பணம் இல்லை.
(ஆசிரியை, கொத்தமங்கலம்)

எவர்சில்வர் டப்பா ஒன்று போதும் டீச்சர். வாயிலிருந்து அடிவரை ஒரே அகலமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மரமும் சுவரும் மறைக்காத இடத்தில், காற்றுக்குச் சாயாமல், செங்கல் அண்டக்கொடுத்து வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு ஸ்கேலை விட்டு மில்லிமீட்டரில் அளந்து, கொட்டிவிடச் சொல்லுங்கள். வானிலைத் துறை கணக்கெடுப்பதும் அதே நேரம்தான். இடி இடிக்கும்போது யாரும் எட்டிப் பார்க்கப் போகக்கூடாது. வைகாசி முடிந்ததும் அந்த நோட்டின் நகலை எனக்கு அனுப்புங்கள், என் நோட்டோடு வைத்துப் பார்க்கிறேன்.