எம்-3 அரியருக்குப் பயிற்சி: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

அன்புள்ள ஐயா,

தங்கள் மகன் மெக்கானிக்கல் ஐந்தாம் பருவத்தில் படிப்பதாகவும், மூன்றாம் பருவத்தின் எம்-3 எனப்படும் கணிதத் தாள் இன்னும் அரியராக நிற்பதாகவும், இணையவழிப் பயிற்சியில் சேர்ப்பதா, வீட்டருகே உள்ள டியூஷனுக்கு அனுப்புவதா என்று தீர்மானிக்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். மகன் எழுதப்போகும் அதே தாளை யார் நடத்துகிறார் என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் ‘எம்-3’ என்று மாணவர்கள் சொல்வது எல்லாத் துறைக்கும் ஒரே பாடமன்று. 2021 ரெகுலேஷனில், அதாவது அந்த ஆண்டுப் பாடத்திட்ட விதிமுறையில், மெக்கானிக்கல், சிவில் மாணவர்களுக்கு அது எம்ஏ 3351 என்ற குறியீடு கொண்ட ‘டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ்’. கணினி அறிவியல் மாணவர்களுக்கோ அந்தப் பருவக் கணிதம் டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ். ஆகவே ‘எம்-3 முழுப் பாடமும்’ என்று விளம்பரம் செய்பவரிடம் பாடக் குறியீட்டையும் ரெகுலேஷனையும் கேளுங்கள். உடனே சொல்லத் தெரியாதவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. அதே வேளையில், 2017 ரெகுலேஷனின் எம்ஏ 8353 பாடமும் பெரும்பாலும் இதே உள்ளடக்கம் கொண்டதுதான் என்பதால், அதற்கான பழைய வினாத்தாள்களையும் காணொளிகளையும் ஒதுக்கிவிட வேண்டாம்.

அடுத்தது மதிப்பெண் கணக்கு. நூறு மதிப்பெண் தாளில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து, யூனிட்டுக்கு ஒன்றாகப் பதின்மூன்று மதிப்பெண் வினாக்கள் ஐந்து, பதினைந்து மதிப்பெண் வினா ஒன்று. தேர்ச்சிக்கு எழுத்துத் தேர்வில் 45 சதவீதமும், கல்லூரி தரும் இன்டர்னல் மதிப்பெண் 40, தேர்வு 60 என்று சேர்த்துப் பார்க்கையில் மொத்தத்தில் 50 சதவீதமும் வேண்டும். ‘மூன்று யூனிட் போதும், பாஸ் நிச்சயம்’ என்று விற்கப்படும் வகுப்புகளை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்: மூன்று யூனிட்டுக்கு 39, அவற்றின் இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கு 12, பதினைந்து மதிப்பெண் வினா மற்ற யூனிட்டில் வந்துவிட்டால் ஆக 51. ஒரு வரிகூடத் தவறாமல் எழுதினால்தான் அது முழுதாகக் கிடைக்கும். 45 எடுக்க வேண்டியவனுக்கு அதில் வழுக்க இடம் ஆறே மதிப்பெண். இன்டர்னலில் 20 மட்டும் பெற்றிருந்தால் தேர்வில் நூற்றுக்கு 50 எடுத்தாக வேண்டும், அப்போது இடம் ஒன்றே ஒன்று. எனவே மகனின் இன்டர்னல் மதிப்பெண்ணைப் பார்க்காமலேயே திட்டம் சொல்லும் எந்த மையமும், என் பார்வையில், குருட்டுக் கணக்குப் போடுகிறது. நான்கு யூனிட்டாவது நடத்தும் வகுப்பே ஏற்றது.

மகன் எங்கே மதிப்பெண் இழக்கிறான் என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே கண்டறிய வேண்டும். முடிவு வந்தவுடன் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கான நாள்கள் கடந்துவிட்டிருந்தால், ஒரு பழைய வினாத்தாளை வீட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள். இந்தத் தாளின் ஃபூரியே தொடர்ப் பகுதியில் தடுமாறுபவர்களில் பலருக்கு உண்மையான சிக்கல் தொகையீட்டில், அதிலும் பெர்னூலி சூத்திரத்தைப் போடுவதில் இருக்கிறது. இன்னொரு பகுதியான இசட் டிரான்ஸ்ஃபார்மில் விழுபவர்கள் பகுதிப் பின்னங்களில் விழுகிறார்கள். இவை பள்ளியிலும் முதலாண்டிலும் விட்டுப்போனவை. ‘முக்கிய வினாக்கள்’ தொகுப்பை எத்தனை முறை பார்த்தாலும் இந்த ஓட்டை அடைபடாது. அடிப்படைக்கென முதல் சில வகுப்புகளை ஒதுக்குகிறார்களா என்று அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.

மாதிரி வகுப்பு கேட்டால் பெரும்பாலும் எளிய பகுதியைத்தான் காட்டுவார்கள். நீங்கள் மூன்றாம் யூனிட்டின் அலைச் சமன்பாட்டுக் கணக்கொன்றைக் காட்டச் சொல்லி, மகனை உடன் அமர்த்திப் பார்க்க வையுங்கள். எல்லை நிபந்தனைகளை எழுதும் இடத்திலேயே ஆசிரியரின் தரம் தெரிந்துவிடும். காணொளி பார்ப்பது படிப்பதாகத் தோன்றும், ஆனால் பேனா பிடிக்காத கணிதப் பயிற்சியால் தேர்வறையில் பயன் குறைவு. ஆகவே அவன் எழுதிய விடையைத் திருத்தித் தருபவர் இருக்கிறாரா என்பதை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். அந்த வசதி டியூஷனில் இருந்து இணையத்தில் இல்லையென்றால், டியூஷனையே தேர்ந்தெடுங்கள். விளக்கம் மட்டும் போதுமென்றால் ஐஐடிகள் முதலியவை நடத்தும் என்பிடெல் தளத்தின் பாடக் காணொளிகள் இலவசமாகவே கிடைக்கின்றன; கல்லூரியின் கணிதத் துறை ஆசிரியரும் கேட்டால் மறுக்கமாட்டார்.

‘நூறு சதவீதத் தேர்ச்சி உறுதி’ போன்ற வாக்குறுதிகளை, 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி மையங்களுக்கென வெளியிட்ட விளம்பர வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. இடையில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான்காண்டுக்குமான மொத்தத் தொகுப்பை வாங்கும்படி வற்புறுத்துவார்கள். மகனுக்கு இப்போது தேவை ஒரு தாள் மட்டுமே. அதற்கான கட்டணத்தை மட்டும், முடிந்தால் இரண்டு தவணையாக, இரண்டாவதை முதல் மாதிரித் தேர்வுக்குப் பிறகு செலுத்துவதாகப் பேசிப் பாருங்கள்.