ஒன்பதரை மணிப் படம் ஏன் கரைகிறது?

கேள்வி: சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் ரேடியல் சாலையோரம் நின்று, 70-300 மி.மீ. லென்ஸில் காலை ஒன்பதரைக்குப் பவளக்கால் உள்ளான்களை (நெடுங்கால் நீர்ப்பறவை, பவளக்காலி) எடுத்தேன். உடம்பு வெறும் வெள்ளைத் திட்டு, ஓரமெல்லாம் கரைந்திருக்கிறது. 600 மி.மீ. லென்ஸ் வாங்கட்டுமா?

பதில்: இப்போதைக்குப் பணத்தைப் பத்திரப்படுத்துங்கள். வெயில் ஏறினால் சாலைத் தாரும் காய்ந்த சேறும் சூடாகி, அவற்றின் மேலுள்ள காற்று நெளியும். வெறுங்கண்ணுக்குச் சட்டென்று தெரியாத இந்தக் கானல்தான் தூரத்துப் பறவையின் இறகுக் கோடுகளை அழிக்கிறது. 600-இல் பறவையோடு கானலும் பெரிதாகும், அவ்வளவுதான்.

சந்தேகமிருந்தால், அசையாமல் நிற்கும் ஒரு பறவையைப் பத்துப் படம் தொடர்ந்து எடுத்து, கணினியில் முழு அளவில் பாருங்கள். கால்கள் படத்துக்குப் படம் வேறு மாதிரி வளைந்திருந்தால் கானல். எல்லாம் ஒரே பக்கம் இழுபட்டிருந்தால் கை ஆட்டம். பறவை மங்கி, முன்னாலிருக்கும் கோரை பளிச்சென்றிருந்தால் ஃபோகஸ் கோரையில் விழுந்திருக்கிறது. ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறுங்கள்.

அக்டோபரில் சூரியன் ஆறு மணியளவில் உதிக்கும். எட்டு மணிக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். வெயில் முதுகில் படும்படி, வடமேற்கே பார்த்து நில்லுங்கள். ஷட்டர் வேகம் நிற்கும் பறவைக்கு 1/1000 நொடி, பறப்பதற்கு 1/2000. லென்ஸ் துளை (அபர்ச்சர்) எஃப் 5.6, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) ஆட்டோ, அதன் உச்சவரம்பு 3200. சாலைப் பாலத்தின் மேல் நின்றால் முக்காலி வேண்டாம். லாரி போகும்போது தளமே அதிரும்.

வெள்ளை வெளுப்பது வேறு கதை. கருத்த தண்ணீரைப் பார்த்து கேமரா ஒளியைக் கூட்டிவிடுகிறது. ஒளியளவைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை -0.7 அல்லது -1 வையுங்கள். கருஞ்சிறகு இருண்டுவிடுமே என்று பயப்பட வேண்டாம்: ரா கோப்பில் (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலப் படம்) இருட்டை மீட்கலாம், எரிந்த வெள்ளையை மீட்க முடியாது. மேகமூட்ட வானில் பறக்கும் பறவைக்கு மட்டும் இதற்கு நேர்மாறாக, +1.

ஏசி காரிலிருந்து கேமராவை அப்படியே வெளியே எடுத்தாலும் கண்ணாடியில் ஆவி படிந்து படம் மங்கும். கடைசி இருபது நிமிடம் ஏசியை அணைத்து, ஜன்னலைத் திறந்து வாருங்கள். துணியால் துடைப்பது வீண், மறுபடியும் படியும்.

சின்ன உள்ளான்கள் வேண்டுமென்றால் பருவமழை வலுப்பதற்கு முன்பே போய்விடுங்கள். தண்ணீர் ஏறினால் குட்டைக்கால் பறவைகளுக்கு மேய இடமிருக்காது. பவளக்காலிக்கு அந்தக் கவலை குறைவு. ஆனால் தலையை மேலும் கீழும் ஆட்டி, ‘கிக் கிக்’ என்று கத்தத் தொடங்கினால் நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள். பின்வாங்குங்கள்.