ஹெரால்டு கதவு மேல இடிக்குது, கீழ விரல் நுழையுது: கதவை வளைக்கலாமா?

திண்டுக்கல்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. 1965 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, ரெண்டு கதவு வண்டி, அவங்க அப்பா ஓட்டினது. பாடியைத் தூக்கி வச்சுட்டு சேஸிஸ்ல துருப்பிடிச்ச அவுட்ரிக்கர் (சேஸிஸ்ல இருந்து பக்கவாட்டுல நீட்டி பாடியைத் தாங்கற கை) எல்லாம் மாத்தி வெல்டிங் அடிச்சு, புது ரப்பர் வச்சு பாடியைத் திரும்ப இறக்கியாச்சு. இப்ப இடது கதவோட பின் ஓரம் மேல பில்லர்ல இடிக்குது, கீழ ஒரு விரல் தாராளமா நுழையுது. அதே இடது பக்கம் பானட்டுக்கும் பல்க்ஹெட்டுக்கும் (இன்ஜினுக்குப் பின்னாடி இருக்கற தடுப்புச் சுவர்) நடுவுல மேல கேப் ஜாஸ்தி, சைடு கொக்கி சரியா விழ மாட்டேங்குது. வலது பக்கம் ஒரு குறையும் இல்ல. டிங்கர் மேஸ்திரி என்ன சொல்றாருன்னா, கதவை கேஸ்ல சூடு காட்டி வளைச்சுட்டு மிச்சத்தை பட்டி போட்டு இழுத்துடலாம்ங்கறாரு. பெயிண்ட் பூத் அடுத்த வாரத்துக்கு புக் பண்ணியாச்சு, சரின்னு சொல்லிடவான்னு கேக்கறாரு.

தம்பி, சொல்லாதீங்க. பூத்தை ரெண்டு வாரம் தள்ளி வைங்க. நீங்க ரெண்டு குறை எழுதியிருக்கீங்க, கதவு ஒண்ணு, பானட் ஒண்ணு, எனக்கு அது ரெண்டும் ஒரே வியாதியாத்தான் தெரியுது, அதுவும் கதவுல இருக்கற வியாதி கிடையாது.

ஹெரால்டு எப்படி செஞ்ச வண்டின்னு தெரிஞ்சா இது ஈஸியா புரியும். 1950-கள்ல இங்கிலாந்துல ஸ்டாண்டர்ட் டிரையம்ஃபுக்கு பாடி அடிச்சுக் குடுத்துட்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953-ல போட்டிக் கம்பெனியான பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிடுச்சு. முழு மோனோகாக் பாடி, அதாவது தனி சேஸிஸ் இல்லாம எல்லாம் ஒண்ணா சேந்த பாடி, அடிச்சுத் தர ஆளில்லாமப் போச்சு. அதனால தனி சேஸிஸ், அது மேல துண்டு துண்டா போல்ட் போட்டு முடுக்கற பாடின்னு போனாங்க, டிசைன் இத்தாலிக்காரர் மிக்கலோட்டி, 1959-ல வண்டி வெளிய வந்துச்சு. நம்ம ஊர்ல 1961-ல இருந்து மெட்ராஸ்ல ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் செஞ்சதும் அதே அமைப்புதான். பல்க்ஹெட் ஒரு துண்டு, பின்னாடி சீட் பக்கம் தொட்டி மாதிரி இருக்கற டப் ஒரு துண்டு, ரெண்டும் ஃப்ளோர்ல போல்ட்டுல சேரும், டாப் தனியா கழண்டு வரும், பானட் மட்கார்டோட சேந்து ஒரே பீஸா முன்னாடி கவுறும். கதவு தொங்கறது பல்க்ஹெட் துண்டுல, போய்ப் பூட்டறது டப் துண்டுல. ஆக கதவு கேப்புன்னு நாம பாக்கறது அந்த ரெண்டு துண்டும் ஒண்ணுக்கொண்ணு எப்படி நிக்குதுங்கறதைத்தான். அது நிக்கிற நிலையை முடிவு பண்றது சேஸிஸ் மவுண்ட்ல, அதாவது பாடி சேஸிஸ் மேல உக்காந்து போல்ட் ஆகற இடத்துல, இருக்கற ரப்பரும் ஷிம்மும் (உயரத்தை சரி பண்ண சொருகற தகடு).

இப்ப உங்க வண்டிக்கு வருவோம். இடது பக்கம் நடு மவுண்ட் கொஞ்சம் தாழ்ந்து போச்சுன்னு வைங்க. பல்க்ஹெட்டோட பின் பக்கம் கீழ இறங்கும், அப்ப அதோட மேல் பாகம் பின்னாடி சாயும். கதவும் அது கூடவே சாயும், மேல் மூலை போய் பில்லர்ல இடிக்கும், கீழ விரல் நுழையும். பல்க்ஹெட் பின்னாடி சாஞ்சதால பானட்கிட்ட மேல கேப் விரியும், கொக்கி எட்டாது. நீங்க எழுதினது அப்படியே இதுதானே?

ஆனாலும் எழுதினதை வச்சு மட்டும் நான் உறுதியா சொல்லிடக் கூடாது, ஏன்னா ஹிஞ்ச் பின் தேஞ்சு கதவு தொங்கினாலும் பின் ஓரம் இதே மாதிரிதான் மேல இடிக்கும். ரெண்டுல எதுன்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. கதவைப் பாதி திறந்து, பின் முனையை ரெண்டு கையாலயும் மெதுவா தூக்கிப் பாருங்க, ஒருத்தரை ஹிஞ்ச்கிட்ட விரலை வச்சு கவனிக்கச் சொல்லுங்க. டக் டக்குன்னு ஆட்டம் தெரிஞ்சா பின் போயிடுச்சு, லேத்துல ஓட்டையை சுத்தம் பண்ணி கொஞ்சம் பெரிய பின் கடைஞ்சு போட்டுட்டுதான் மத்த வேலை. ஆட்டமே இல்ல, கதவை மூடினா முன் ஓரத்து கேப் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே மாதிரி இருக்குன்னா கதவு மேல தப்பு இல்ல, கதவைத் தாங்குற பில்லர்தான் சாஞ்சிருக்கு.

அப்புறம் அளக்கணும். வண்டி ஜாக்கில நிக்கக் கூடாது, நாலு சக்கரத்துலயும் சமதரையில நிக்கணும், ரெண்டு பக்க டயர்லயும் காத்து ஒரே அளவு, இன்ஜின், கியர்பாக்ஸ், கண்ணாடி, சீட் எல்லாம் அதது இடத்துல இருக்கணும். காலி பாடில கேப் பாத்து வச்சுட்டு பெயிண்ட் முடிச்சு இன்ஜினை இறக்கினதும் எல்லாம் மாறிப் போறதை நிறைய பாத்திருக்கேன். சேஸிஸ்ல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கற பாயிண்ட்ல தூக்குக்குண்டு விட்டு தரையில சாக்பீஸ் புள்ளி வைங்க, குறுக்கு நெடுக்கா அளங்க, ரெண்டு குறுக்களவுக்கும் ஒரு நூலுக்கு மேல வித்தியாசம் இருந்தா சேஸிஸே கோணல், பாடியை அதுல வச்சு மல்லுக்கட்டிப் பிரயோஜனம் இல்ல. அது சரியா இருந்தா கொத்தனார் வச்சிருக்கற டியூப் மட்டம் ஒண்ணு வாங்கி, இடது வலது அவுட்ரிக்கர் உயரத்தை ஒப்பிட்டுப் பாருங்க. புதுசா வெல்டிங் அடிச்ச அவுட்ரிக்கர் சூட்டுல இழுத்து கீழ போயிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு.

ரப்பரையும் பாருங்க. ஒரு ஹெரால்டு எங்க ஷெட்டுக்கு வந்தப்ப மவுண்ட்டுக்குக் கீழ லாரி டியூப்பை வெட்டி வச்சிருந்தாங்க, போல்ட்டை முறுக்க முறுக்க ரப்பர் வாஷரைத் தாண்டி நாக்கு மாதிரி பிதுங்கி வெளிய வந்துச்சு, கழட்டிப் பாத்தா நடுவுல தாள் கனம்தான் மிச்சம். மவுண்ட்டுக்கு கேன்வாஸ் கலந்த கெட்டி ரப்பர்தான் வேணும், பழைய கன்வேயர் பெல்ட் துண்டு கிடைச்சா அருமையா நிக்கும்.

சரி பண்ற வேலையை பின்னாடி இருந்து ஆரம்பிங்க. டப்பை சேஸிஸ்ல சென்டர் பாத்து முடுக்கிடுங்க, இனி அதுதான் உங்க கணக்கு. பல்க்ஹெட் மவுண்ட் போல்ட், ரெண்டு துண்டும் சேர்ற ஃப்ளோர் போல்ட், டாப் போல்ட் எல்லாத்தையும் லூஸ் பண்ணுங்க, கழட்ட வேண்டாம். லாக் ஸ்டிரைக்கரை (கதவுப் பூட்டு போய் மாட்டற, பில்லர்ல இருக்கற துண்டு) மட்டும் கழட்டியே வச்சிடுங்க, இல்லைன்னா அது கதவை மேல தூக்கிப் பிடிச்சு உங்களை ஏமாத்தும். 1 எம்எம், 2 எம்எம் தகடுல யு மாதிரி வெட்டி ஷிம் செஞ்சுக்கங்க, அப்பதான் போல்ட்டைக் கழட்டாம சைடுல சொருக முடியும். மரக்கட்டை வச்சு ஜாக்கியில மெதுவா தூக்கி இடது நடு மவுண்ட்ல ஒரு ஷிம் சொருகுங்க, இறக்குங்க, முடுக்குங்க, கதவை மூடிப் பாருங்க. கேப்பைக் கண்ணால பாக்காதீங்க, 4 எம்எம் டிரில் பிட்டோட வழவழப்பான பின் பக்கத்தை கீழ இருந்து மேல ஓட விடுங்க, எங்க மாட்டுதோ அங்க சாக்பீஸ் கோடு. ஒவ்வொரு ஷிம்முக்கும் அந்தக் கோடு மேல நகர்ந்துட்டே போகும், அதைப் பாக்கறப்ப வர்ற சந்தோஷமே வேற. மேலயும் கீழயும் ஒரே மாதிரி ஓடினதும் ஒரு ராத்திரி அப்படியே விடுங்க, ரப்பர் அமுங்கும், காலைல திரும்ப அளந்துட்டுதான் மேல போகணும். 5 எம்எம் போட்டும் பத்தலைன்னா ஷிம்மை அடுக்கிட்டே போகாதீங்க, அவுட்ரிக்கரை வெட்டி சரியான உயரத்துல திரும்ப வெல்டிங் அடிக்கணும். மறக்காம வலது கதவையும் ஒவ்வொரு தடவையும் திறந்து மூடிப் பாருங்க, டாப் சேந்தே இருக்கறதால இங்க தூக்கினா அங்க கொஞ்சம் தெரியும்.

அதுக்கப்புறம்தான் ஹிஞ்ச் போல்ட். அதுல இருக்கற கொஞ்சூண்டு அட்ஜஸ்ட்மெண்ட் கதவை உள்ள வெளிய, மேல கீழ ஒரு மயிரிழை நகர்த்தத்தான், சாஞ்ச பாடியை நிமித்த அதால முடியாது. கதவு பீடிங்கை (கதவைச் சுத்தி வர்ற ரப்பர்) இப்பவே மாட்டிப் பாருங்க. புது பீடிங் கதவை நல்லா வெளிய தள்ளும், பெயிண்ட் அடிச்ச பிறகு அதைக் கண்டுபிடிச்சா அழுகைதான் வரும். கடைசியா பானட். பல்க்ஹெட் நிமிர்ந்ததும் அந்தக் கொக்கி பாதிக்கு மேல தானா எட்டும், மிச்சத்தை முன்னாடி ஹிஞ்ச் போல்ட்லயும் பல்க்ஹெட் மேல இருக்கற கூம்பு ரப்பர்லயும் வச்சு சரி பண்ணிக்கலாம். மொதல்ல பானட்டை சரி பண்ணிட்டு கதவுக்கு வந்தீங்கன்னா ரெண்டு தடவை வேலை.

மேஸ்திரி சொல்ற பட்டி விஷயத்துக்கு வரேன். அவரு மேல தப்பு சொல்லல, பத்மினி, அம்பாசடர்னு மோனோகாக் வண்டியா பாத்துப் பழகின கைக்கு ஷிம் வச்சு பாடியை நிமித்தலாம்னு தோணாது, அதுல அந்த வசதியே கிடையாது. ஆனா ஓரத்துல பட்டி போட்டா கதவு அடிபட அடிபட வெடிச்சு உதிரும், உள்ள தண்ணி இறங்கும், மறுபடி துரு. எல்லா அட்ஜஸ்ட்மெண்ட்டும் முடிஞ்ச பிறகும் எங்கயாவது ஒரு நூல் கேப் கூடுதலா நின்னா, ஓரத்துல மெல்லிசா கம்பி வச்சு சின்னச் சின்ன டேக் வெல்டிங் அடிச்சு, நடுவுல ஆற விட்டு, அரம் போட்டு எடுக்கச் சொல்லுங்க, அது இரும்பாவே நிக்கும். சூடு காட்டி வளைக்கறது மட்டும் வேண்டவே வேண்டாம், மெல்லிசு தகடு, வெளித்தகடு அலை அலையா போயிடும்.

கேப் எவ்வளவு விடணும்னு கேட்டீங்கன்னா, பெயிண்டுக்கு முன்னாடி நாலு, நாலரை எம்எம் வைங்க. பிரைமர், சர்ஃபேசர், பெயிண்ட், கிளியர் எல்லாம் சேந்து ஒவ்வொரு ஓரத்துலயும் கால் எம்எம் ஏறினா ரெண்டு ஓரமும் சேந்து அரை எம்எம் போயிடும்.

எல்லாம் ஓகே ஆனதும் பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. ஒவ்வொரு ஹிஞ்ச் தகட்டையும் பில்லரையும் சேத்து 3 எம்எம் பிட்டுல வெளிய தெரியாத இடத்துல ரெண்டு ஓட்டை போட்டுக்கங்க, பெயிண்ட் முடிஞ்சு மாட்டறப்ப அதுல டிரில் பிட்டையே சொருகி முடுக்கினா கதவு பழைய இடத்துலயே வந்து உக்காரும். ஷிம்மை மவுண்ட் வாரியா தனித்தனி கவர்ல போட்டு எந்த மவுண்ட், எத்தனைன்னு எழுதி வைங்க, போட்டோவும் எடுத்துக்கங்க. டியூப் மட்டம் வச்சு பாத்த அளவையும், இடது நடு மவுண்ட்ல எத்தனை எம்எம் ஏறிச்சுங்கறதையும் எழுதி அனுப்புங்க தம்பி, அவுட்ரிக்கரை வெட்டணுமா வேண்டாமான்னு அதை வச்சு சொல்றேன்.