117-வது நிமிஷம்: வாசகர் கேள்வி - பதில்

2022 கால்பந்து உலகக் கோப்பையை அர்ஜென்டினா தூக்கிக்கொண்டு போயாயிற்று. ஃபைனலில் தோற்ற பிரான்ஸ்காரர்களே அழுது முடித்திருப்பார்கள். ஆனால் ஆசிரியர் என்னிடம் கொடுத்தனுப்பிய கேள்விக் கட்டில் பாதிக்கு மேல் 2022 டிசம்பர் 9-ம் தேதி கத்தாரின் எஜுகேஷன் சிட்டி மைதானத்தில் நடந்த காலிறுதியைப் பற்றித்தான். 90 நிமிஷம் கோலே இல்லை. எக்ஸ்ட்ரா டைமில் பிரேசிலின் நெய்மர் ஒன்று போட்டார், குரோஷியாவின் பெட்கோவிச் ஒன்று போட்டார். பெனால்டி ஷூட்-அவுட்டில் 4-2 என்று பிரேசில் வெளியே. இந்த வாரம் அந்த ஒரு மேட்ச் மட்டும். கிரிக்கெட் கேள்வி அனுப்பியவர்கள் என்னைத் திட்டாமல் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

சார், எங்க ஏரியாவை மினி பிரேசில்னு சொல்வாங்க. அன்னிக்கு ராத்திரியிலேர்ந்து டீக்கடையில ஒரே சண்டை. நெய்மரை அஞ்சாவது பெனால்டிக்கு நிறுத்தி வெச்சதாலதான் தோத்தோம்னு நான் சொல்றேன். கரெக்ட்தானே?
- வாசகர், வியாசர்பாடி

கால்வாசி கரெக்ட், தம்பி.

முதல் பெனால்டியை ரொட்ரிகோ அடித்தார். வயது 21. குரோஷியா கோல்கீப்பர் லிவாகோவிச் தடுத்துவிட்டார். காசமிரோவும் பெட்ரோவும் போட்டார்கள். நான்காவதாக வந்த மார்கினியோஸின் பந்து போஸ்ட்டில் பட்டுத் திரும்பியது. நெய்மர் நடு மைதானத்தில் நின்றபடியே மேட்ச் முடிந்துவிட்டது. பார்க்கிறவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும். இதே உலகக் கோப்பையில் மெஸ்ஸி இரண்டு ஷூட்-அவுட்டிலும், நெதர்லாந்தோடும் சரி, ஃபைனலிலும் சரி, தன் அணிக்கு முதல் ஆளாகப் போய் அடித்துவிட்டு வந்தார்.

கடைசிக்கென்று ஸ்டாரை எடுத்துவைத்து ஏமாந்தது பிரேசில் மட்டும் இல்லை. 2012 யூரோ அரையிறுதியில் ஸ்பெயினுக்கு எதிராக ரொனால்டோ அஞ்சாவது, அவர் முறை வரவேயில்லை. 2022 பிப்ரவரியில் ஆப்பிரிக்கக் கோப்பை ஃபைனலில் எகிப்தின் சலாவுக்கும் அதே கதி. அப்புறம் ஏன் பிரேசில் கோச் டீட்டே அப்படிச் செய்தார்? அஞ்சாவது அடிதான் பிரஷர் அதிகமான அடி, அதற்கு நெய்மர் என்பது அவர் சொன்ன விளக்கம். அதற்கு ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக் ஃபைனலில் ஜெர்மனியை வீழ்த்தி பிரேசிலுக்குத் தங்கம் வாங்கித் தந்தது நெய்மர் அடித்த அஞ்சாவது பெனால்டி. அன்று அது ராஜதந்திரம், இன்று முட்டாள்தனம்!

டீக்கடையில் இன்னொன்றையும் போட்டுப் பாருங்கள். குரோஷியா அடித்த நாலும் உள்ளே போயிற்று. நெய்மர் முதலில் வந்து போட்டு, மற்றவர்களில் ஒரே ஒருவர் தவறவிட்டிருந்தாலும், குரோஷியாவின் அஞ்சாவது அடி போனால் கதை அதே கதைதான். பிரேசில் கோல்கீப்பர் அலிசன் ஒன்றைக்கூடத் தடுக்கவில்லை என்பதை யாரும் சண்டைக்கு இழுக்க மாட்டேன் என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல், அந்த மேட்ச் ஷூட்-அவுட்டுக்கே போயிருக்கக் கூடாது.

அண்ணே, 120 நிமிஷத்துல குரோஷியா கோலைப் பார்த்து அடிச்சது ஒரே ஒரு ஷாட். அதுவும் டிஃபெண்டர் கால்ல பட்டுத் திரும்பி உள்ள போச்சு. இதுக்குப் பேரு அதிர்ஷ்டம் இல்லாம வேற என்ன?
- வாசகர், தூத்துக்குடி

காலில் பட்டுத் திரும்பியது அதிர்ஷ்டம். அது வரைக்கும் நடந்தது அதிர்ஷ்டமே இல்லை.

ரீப்ளே கிடைத்தால் ஷாட்டை விட்டுவிட்டு அதற்கு முந்தைய பதினைந்து நொடியைப் பாருங்கள். ஸ்கோர் 1-0. நிமிஷம் 117. இன்னும் மூணு நிமிஷமும் கொசுறும் ஓட்டினால் அரையிறுதி. அந்த நேரத்தில் பிரேசில் இரண்டாவது கோலுக்காக ஆட்களை மேலே அனுப்பியிருக்கிறது! பந்து பறிபோகிறது. குரோஷியா கேப்டன் மோட்ரிச் அதை எடுத்து விளாசிச்சிடம் கொடுக்கிறார். விளாசிச் இடது ஓரமாக ஓர்சிச்சுக்குத் தள்ளுகிறார். ஓர்சிச் கோட்டை ஒட்டி ஓடுகிறார், ஓடுகிறார், எதிரே நின்று மறிக்க ஆளில்லை. பாக்ஸுக்குள் வந்துகொண்டிருந்த பெட்கோவிச்சுக்குத் திருப்பித் தருகிறார். இடது காலால் ஒரே அடி. மார்கினியோஸின் முட்டியில் பட்டு, அலிசன் நினைத்த பக்கம் போகாமல் வேறு பக்கம் போகிறது. வாசலில் எல்லோரும் பட்டாசு வெடிக்கப் போய்விட்டார்கள், கொல்லைக் கதவைச் சாத்த ஒருத்தருமில்லை.

நான் ரயில்வே அணியில் ரைட் பேக் (வலது ஓரத் தடுப்பாட்டக்காரர்) ஆடின காலத்தில் எங்கள் கோச்சுக்கு ஒரு வழக்கம் உண்டு. நாங்கள் கோல் போட்டால் அவர் கை தட்ட மாட்டார். கோட்டுக்கு அருகே ஓடிவந்து, "பின்னாடி வாங்கடா, பின்னாடி வாங்கடா" என்று கத்துவார். மேலே ஏறி நிற்கிற ஃபுல் பேக்கை அவர் கூப்பிடுகிற பேரை இங்கே அச்சிட முடியாது. அவர் சொல்லிக்கொடுத்த பாடத்தில் பாதி பந்தைப் பற்றியே இருக்காது: கார்னர் கொடி பக்கம் கொண்டுபோய் முதுகைக் காட்டி நில், த்ரோ-இன்னுக்கு மெதுவாக நட, எதிராளி பிய்த்துக்கொண்டு ஓடினால் நடு மைதானத்திலேயே ஒரு ஃபவுல் செய்துவிட்டு மஞ்சள் அட்டையை வாங்கிக்கொண்டு வா. அழகான ஆட்டமில்லை. ஆனால் மோட்ரிச், விளாசிச், ஓர்சிச் என்று மூன்று பேர் காலில் பந்து மாறும்வரை ஒரு சட்டையைக்கூட யாரும் பிடித்து இழுக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னொரு விஷயம். விளாசிச், ஓர்சிச், பெட்கோவிச் மூவரும் மாற்று ஆட்டக்காரர்கள். ஓர்சிச் உள்ளே வந்து சில நிமிஷம்தான் ஆகியிருந்தது, கால் புதுசு. அவரும் பெட்கோவிச்சும் அப்போது டினமோ ஜாக்ரெப் கிளப்பில் சேர்ந்து ஆடியவர்கள், யார் எங்கே நிற்பார் என்று பார்க்க வேண்டியதே இல்லை. ஷூட்-அவுட்டில் குரோஷியாவுக்கு அடித்த நால்வரில் மோட்ரிச் தவிர மூன்று பேர் பெஞ்சிலிருந்து வந்தவர்கள். குரோஷியா கோச் டாலிச்சைப் பற்றி ஒரு கடிதம்கூட வரவில்லை, எல்லாருக்கும் டீட்டேதான் வேண்டியிருக்கிறது.

பிரஸ் மீட்டில் மேஜை மேல் ஏறிய பூனையை பிரேசில் அதிகாரி தூக்கிக் கீழே போட்டாரே. அந்தப் பாவம்தான் என்கிறாள் என் பேத்தி. உங்கள் கருத்து?
- வாசகர், நாகர்கோவில்

பிரேசில் ஃபார்வர்டு வினிசியஸ் பேசிக்கொண்டிருந்தபோது நடந்தது. நானும் வீடியோ பார்த்தேன். பிடரியைப் பிடித்துத் தூக்கியது எனக்கும் பிடிக்கவில்லை. பேத்தி சொல்வதை மறுக்க என்னிடம் ஆதாரமில்லை.

வினிசியஸை 64-வது நிமிஷத்தில் வெளியே எடுத்தது தவறு என்கிறேன். அவர் இருந்திருந்தால் 90 நிமிஷத்துக்குள் முடிந்திருக்கும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
- வாசகர், கோவை

இடது பக்கத்தில் வினிசியஸை ஜுரானோவிச் நகர விடவில்லை. அன்று அவர் ஆடியது சுமார்தான். அவருக்குப் பதிலாக வந்தவர்தானே ரொட்ரிகோ? பெனால்டியைத் தவறவிட்டவர் என்றே எல்லாரும் அவரை நினைவு வைத்திருக்கிறார்கள். நெய்மரின் கோலில் முதல் ஒன்-டூ (பந்தைக் கொடுத்து உடனே திரும்ப வாங்குவது) அவரோடு, அடுத்தது பக்கெட்டாவோடு. பிறகு நெய்மர் கோல்கீப்பரையும் தாண்டி, இடுக்கான கோணத்திலிருந்து மேலே தூக்கி அடித்தார். அது அவருக்கு 77-வது சர்வதேச கோல், ஃபிஃபா கணக்கில் பெலேவைத் தொட்டார். ஜெயித்திருந்தால் அந்த கோலை வீட்டுக்கு வீடு பேசியிருப்பார்கள்.

பிரச்சினை ஓரத்தில் இல்லை, நடுவில் இருந்தது. காசமிரோவும் பக்கெட்டாவும் இரண்டு பேர். எதிரே மோட்ரிச், ப்ரொசோவிச், கோவாசிச் என்று மூன்று பேர். மூவருமே பந்து காலுக்கு வந்தால் பதற்றப்படாத ரகம். பக்கெட்டாவோ இயல்பில் முன்னால் போகிற ஆள். பிரேசில் வேகமாக ஆட நினைக்கும்போதெல்லாம் இந்த மூவரும் பந்தை வாங்கிவைத்து, பக்கவாட்டில் கொடுத்து, திரும்ப வாங்கி, ஆட்டத்தைத் தூங்கவைத்தார்கள். தென் கொரியாவுக்கு எதிரே முதல் பாதியிலேயே நாலு கோல் போட்ட அணி அது. இங்கே அந்த வேகத்துக்கு இடமே கிடைக்கவில்லை.

இதையும் மீறிக் கிடைத்த வாய்ப்புகளை லிவாகோவிச் பார்த்துக்கொண்டார். மேட்சுக்குள் மட்டும் 11 தடுப்புகள். அந்தக் கணக்கில் ரொட்ரிகோவின் பெனால்டி சேராது.

37 வயதில் மோட்ரிச் 120 நிமிஷமும் ஓடிவிட்டு, பெனால்டியும் போட்டுவிட்டு, அழுதுகொண்டிருந்த ரொட்ரிகோவிடம் போய்க் கட்டிப்பிடித்துப் பேசினார். இரண்டு பேரும் அப்போது ரியல் மாட்ரிட். பிரேசிலின் மிலிடாவோவும் வினிசியஸும் அன்று அதே கிளப்தான். காசமிரோ அங்கே மோட்ரிச்சின் பக்கத்தில் பல வருஷம் ஆடியவர், 2022 ஆகஸ்டில்தான் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். பிரேசில்காரர்கள் என்ன செய்வார்கள் என்று மோட்ரிச்சுக்கு யாரும் வீடியோ போட்டுக் காட்டியிருக்கத் தேவையில்லை.

ஒவ்வொரு கோலுக்கும் டான்ஸ் ஆடினார்கள், கோச்சும் சேர்ந்து ஆடினார். அந்தத் திமிர்தான் தோற்கடித்தது என்று என் கணவர் சொல்கிறார். எனக்கு அந்த டான்ஸ் பிடித்திருந்தது.
- வாசகி, மதுரை

எனக்கும்தான். கொரியா மேட்சில் ஆடியதற்கு மான்செஸ்டர் யுனைடெட்டின் பழைய கேப்டன் ராய் கீன் டி.வி-யில் முகம் சுளித்தார். அவர் ஆடிய காலத்தில் எதிராளிகளின் கால்களை அவர் எப்படிக் கவனித்துக்கொண்டார் என்பதை உங்கள் கணவர் தேடிப் பார்க்கட்டும். குரோஷியாவோடு 105 நிமிஷம் ஆடுவதற்குக் காரணமே கிடைக்கவில்லையே அம்மா, திமிர் எங்கிருந்து வரும்?

ஷூட்-அவுட்டில் முதலில் அடிக்கிற அணிக்குத்தான் சாதகம் என்கிறார்கள். குரோஷியா முதலில் அடித்தது. டாஸ்தான் வில்லனா?
- வாசகர், புதுச்சேரி

இந்த உலகக் கோப்பையில் அஞ்சு ஷூட்-அவுட். முதலில் அடித்த ஜப்பான், நெதர்லாந்து, ஃபைனலில் பிரான்ஸ் மூன்றும் தோற்றன. மொராக்கோவும் குரோஷியாவும் ஜெயித்தன. அஞ்சுக்கு இரண்டு. டாஸை விட்டுவிடுங்கள்.

நாற்பது லட்சம் சனம்கூட இல்லாத குட்டி நாடு. பெனால்டி என்று வந்தால் மட்டும் ஏன் குரோஷியா தோற்பதில்லை?
- வாசகர், யாழ்ப்பாணம்

உலகக் கோப்பையில், 2022 வரை, தோற்றதில்லை என்று சொல்லுங்கள். 2018-ல் டென்மார்க், ரஷ்யா, இந்த முறை ஜப்பான், பிரேசில் என்று நாலுக்கு நாலு. டென்மார்க்கின் மூன்று அடியை சுபாசிச் தடுத்தார், ஜப்பானின் மூன்றை லிவாகோவிச். ஆக முதல் பதில் கோல்கீப்பர்.

இரண்டாவது பதில் கொஞ்சம் பழசு. 2008 யூரோ காலிறுதி, வியன்னா, துருக்கிக்கு எதிராக. 119-வது நிமிஷத்தில் குரோஷியா கோல் போட்டுவிட்டது. கோச் பிலிச் மைதானத்துக்குள்ளேயே ஓடி வந்து குதித்தார். எக்ஸ்ட்ரா டைமின் கொசுறு நேரத்தில் துருக்கியின் செமிஹ் சமன் செய்தார். ஷூட்-அவுட்டில் குரோஷியா 3-1 என்று தோற்றது. தவறவிட்டவர்களில் ஒருவருக்கு அப்போது 22 வயது. பெயர் லூகா மோட்ரிச். 117-வது நிமிஷத்தில் 1-0 என்று முன்னால் நிற்பது எவ்வளவு ஆபத்தான இடம் என்று அன்று மைதானத்தில் இருந்தவர்களில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

2002-க்குப் பிறகு ஐரோப்பிய அணி எதிரே வந்தாலே நாக்-அவுட்டில் பிரேசில் காலி. இது சாபமா, இல்லை தரம் குறைந்துவிட்டதா?
- வாசகர், சேலம்

2006 பிரான்ஸ், 2010 நெதர்லாந்து, 2014 ஜெர்மனி, 2018 பெல்ஜியம், இப்போது குரோஷியா. ஜெர்மனியிடம் வாங்கிய 7-1-ஐ இந்தப் பட்டியலில் சேர்த்துப் பேசாதீர்கள், அது வேறு வியாதி. மற்ற நாலும் மயிரிழைத் தோல்வி, ஒவ்வொன்றுக்கும் ரசிகர்கள் ஒரு குற்றவாளியைப் பிடித்தார்கள். ஆன்ரி கோல் போட்டபோது குனிந்து நின்ற ரொபர்டோ கார்லோஸ். சிவப்பு அட்டை வாங்கிய ஃபெலிப்பே மெலோ. பெல்ஜியத்தோடு சொந்த கோல் போட்ட ஃபெர்னாண்டினியோ. இந்த முறை ரொட்ரிகோவா, மார்கினியோஸா, டீட்டேயா என்று ஏலம் போய்க்கொண்டிருக்கிறது. ஐரோப்பிய அணிகள் நடு மைதானத்தைப் பிடித்துவைத்து ஆட்டத்தை மெதுவாக்கும்போது பிரேசில் திணறுகிறது. ஒரு மோட்ரிச்சோ, பெல்ஜியத்தின் டி ப்ரய்ன் மாதிரி ஒருவரோ மஞ்சள் சட்டையில் இல்லை. முன்னால் ஆட ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு போன டீட்டே அதற்கு ஒருவரைத் தேடியிருக்கலாம்.

சார், நான் பரம்பரை பிரேசில் ரசிகன். தம்பி அர்ஜென்டினா. ஃபைனல் முடிந்ததிலிருந்து வீட்டில் தலைகாட்ட முடியவில்லை. கட்சி மாறிவிடலாமா?
- வாசகர், பெரம்பூர்

உங்கள் தம்பி கட்சிக்காரர்கள் 1986-லிருந்து 36 வருஷம் காத்திருந்தார்கள். 2002-ல் ஜெயித்த உங்களுக்கு 2022-ல் 20 தான் ஆகியிருந்தது. வரிசையில் நில்லுங்கள்.